ஜெயிக்காத அணிக்கும் ஒரு கடைசி ஆட்டம்

கேள்வி-பதில்: கல்லூரிக் கால்பந்துச் சிறப்பு

அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதும் கால்பந்தை யூடியூபில் பார்த்தேன். காலேஜ் மேட்சுக்கு அவ்வளவு கூட்டமா? ரோஸ் பௌல், சுகர் பௌல் என்று பெயர் வேறு. என்ன சங்கதி அது?
– கல்லூரி மாணவர், ஆலங்குடி

சீசன் முடிந்த பிறகு ஆடுகிற ஆட்டம் அது. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி டிசம்பர் பிறப்பதற்குள் ஒவ்வொரு கல்லூரி அணியும் பன்னிரண்டு ஆட்டங்களை முடித்துவிடும். அவற்றில் ஆறிலாவது ஜெயித்த அணிக்கு இன்னும் ஓர் ஆட்டம் கிடைக்கும். ஏதோ தூரத்து ஊரில், வழக்கமாக மோதாத ஒரு கல்லூரியோடு. அதுதான் பௌல். நம் மார்கழி மாதம்தான் அவர்களுக்கு அந்தத் திருவிழாக் காலம்.

எல்லாவற்றுக்கும் மூத்தது கலிபோர்னியாவின் பாசடீனா நகரில் நடக்கும் ரோஸ் பௌல். அங்கே புத்தாண்டன்று பூ ஊர்வலம் 1890 முதல் உண்டு. நாட்டின் மறுபக்கத்தில் பனி கொட்டிக்கொண்டிருக்க, எங்கள் ஊரில் ரோஜா பூக்கிறது பாருங்கள் என்று காட்டுவதற்காகத் தொடங்கிய விழா. 1902 ஜனவரி 1 அன்று ஊர்வலத்தோடு ஒரு கால்பந்து ஆட்டத்தையும் சேர்த்தார்கள். மிச்சிகன் அணி ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று நொறுக்கியது. நேரம் முடிவதற்கு முன்பே ஸ்டான்ஃபோர்டு ஆட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டது. அமைப்பாளர்களுக்கு மனம் விட்டுப்போயிற்று. குதிரை ரதப் பந்தயமெல்லாம் நடத்திப் பார்த்துவிட்டு, 1916-ல்தான் கால்பந்துக்குத் திரும்பினார்கள். 1922-ல் பௌல் (கிண்ணம்) என்ற பெயரில் பெரிய அரங்கம் எழும்பியது. 1935-ல் மியாமியில் ஆரஞ்சு பௌலும் நியூ ஆர்லியன்ஸில் சுகர் பௌலும் வந்தன. 1937-ல் டல்லஸில் காட்டன் பௌல். இன்று மொத்தம் நாற்பதுக்கும் மேல்.

பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். அதுவும் கால்பந்தா?
– டீக்கடை உரிமையாளர், கீரனூர்

ரக்பியிலிருந்து பிறந்த ஆட்டம் அது. பக்கத்துக்குப் பதினொரு பேர், நூறு கெஜ மைதானம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் ஆறு புள்ளி. இவ்வளவு தெரிந்தால் பார்க்கத் தொடங்கிவிடலாம்.

ஒரு காலத்தில் அது உயிர்க்கொல்லி ஆட்டம். 1905-ல் ஒரே சீசனில் குறைந்தது பதினெட்டுப் பேர் இறந்துபோனார்கள். குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டே விதிகள் மாறின. கும்பலாகக் கோத்துக்கொண்டு முட்டுவதைக் குறைக்க, பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. விதியைத் திருத்தினால் ஆட்டமும் பிழைக்கும், ஆடுபவனும் பிழைப்பான். ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

பன்னிரண்டில் ஆறு ஜெயித்தால் போதுமா? பாதி மார்க் எடுத்தவனுக்கெல்லாம் பரிசா?
– ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், பொன்னமராவதி

ஐயா, பரிசு தருவதற்கு அங்கே தனி ஏற்பாடு இருக்கிறது. 2024 சீசனிலிருந்து பன்னிரண்டு அணிகள் மோதும் பிளே-ஆஃப் நடக்கிறது. பன்னிரண்டு அணிகளின் அந்த முதல் பிளே-ஆஃபின் இறுதி ஆட்டத்தில், 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில், ஒஹையோ ஸ்டேட் அணி நாட்டர் டேமை 34–23 என வென்றது. சாம்பியன் யார் என்ற கேள்வி அத்தோடு முடிந்தது.

மற்ற முப்பது சொச்சம் பௌல்களில் யாரும் சாம்பியன் ஆவதில்லை. அங்கே ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். தொழில்முறை அணிகள் ஆண்டுக்கு இருநூற்றைம்பது சொச்சம் பேரைத்தான் தேர்ந்தெடுக்கின்றன, கல்லூரிகளில் ஆடுபவர்களோ பல்லாயிரம் பேர். ஆக, ஒரு கடைசி வருடத்துப் பையன் அன்று ஜெர்சியைக் கழற்றினால் வாழ்நாளில் மறுபடி மாட்டப்போவதில்லை. அந்தக் கடைசி நாளில் அவனுக்குப் புது ஊர், பேண்டு வாத்தியம், அப்பா அம்மா உட்கார்ந்திருக்கும் கேலரி. நீங்கள் பாதி மார்க் என்று சொல்வதை நான் நான்கு வருட உழைப்பு என்று எண்ணுகிறேன். அதற்கு ஒரு நல்ல வழியனுப்பு வேண்டும்.

எங்கள் ஊர் ஜல்லிக்கட்டை அதோடு ஒப்பிடலாமா?
– மாடுபிடி வீரர், விராலிமலை

தாராளமாக. தச்சங்குறிச்சியில் வருடத்தின் முதல் வாடிவாசல் திறந்துவிட்டால் வெயில் காலம் வரை நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊர் ஊராகக் களம்தான். 2019 ஜனவரியில் உங்கள் விராலிமலையில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்தார்கள். அத்தனையும் முதல் பரிசு வாங்கவா வந்தன? கார் பரிசு ஒரு காளைக்குத்தான். ஆனாலும் ஒவ்வொரு காளைக்கும் அந்த வாசல் திறக்கும். மைக்கில் ஊர் பெயர் கேட்கும், பிடிபட்டாலும் பிடிபடாவிட்டாலும் அதற்கென்று ஒரு ஓட்டம் உண்டு. பௌல் ஆட்டத்தின் அடிப்படையும் இதுவே.

நம் காளைகளுக்கு இருக்கும் இந்த மரியாதை நம் கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு இல்லை. அது எனக்கு உறுத்துகிறது.

எல்லாம் விளம்பரக் காசுக்காக நடக்கும் கூத்து என்கிறானே என் மகன்?
– மளிகைக் கடைக்காரர், இலுப்பூர்

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. ஐடஹோ மாநிலத்தில் உருளைக்கிழங்கின் பெயரில் ஒரு பௌல் நடக்கிறது, அதுவும் நீல நிறப் புல்தரையில். மயோனைஸ் கம்பெனி ஒன்றின் பெயரில் நடக்கும் பௌலில் ஜெயித்த பயிற்சியாளரின் தலையில் மயோனைஸைக் கொட்டுகிறார்கள். 2023 முதல் ஒரு தின்பண்டத்தின் பெயரில் நடக்கும் பௌலில் ஜெயித்த அணி அந்தத் தின்பண்டப் பொம்மையையே பிட்டுத் தின்கிறது. பௌல்களில் பலவற்றை நடத்துவதே ஒரு தொலைக்காட்சி நிறுவனம்தான்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. இவ்வளவு பணம் புரண்ட ஆட்டத்தில், ஆடியவனுக்குப் பல பத்தாண்டுகள் படிப்புச் செலவைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. தன் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கும் உரிமை 2021-ல்தான் வந்தது. கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்றானது 2025-ல். 2016 ஜனவரியில் ஃபியஸ்டா பௌலில் நாட்டர் டேம் வீரர் ஜேலன் ஸ்மித்துக்கு முழங்கால் சிதைந்தது. முதல் சில பேரில் ஒருவராகத் தொழில்முறைக்குப் போயிருக்க வேண்டியவர், 34-வது ஆளாகத்தான் தேர்வானார். அந்த வருடக் கடைசியிலேயே கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, லியோனார்ட் ஃபோர்னெட் என்ற இரண்டு நட்சத்திரங்கள் தங்கள் பௌல் ஆட்டத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். சுயநலம் என்று ஊரே திட்டியது. நான் திட்டமாட்டேன். கால் அவர்களுடையது, குடும்பமும் அவர்களுடையது.

ரோஸ் பௌல் எப்போதாவது நின்றுபோனதுண்டா?
– போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், கறம்பக்குடி

1916-க்குப் பிறகு நிற்கவில்லை, இடம்தான் மாறியது. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியதும், மேற்குக் கடற்கரையில் பெருங்கூட்டம் கூடக்கூடாது என்று தடை வந்தது. அழைப்பு பெற்றிருந்த டியூக் பல்கலைக்கழகம் தன் மைதானத்தையே தந்தது. 1942 ஜனவரி 1 அன்று நாட்டின் மறுகோடியில் இருக்கும் டர்ஹமில் ஆட்டம் நடந்தது. விருந்தாளியாக வந்த ஒரெகன் ஸ்டேட் 20–16 என ஜெயித்துப் போனது. கொரோனா காலத்தில், 2021 புத்தாண்டன்று, டெக்சாஸில் நடத்தினார்கள். குறித்துவைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தேர்வில் வராது. டீக்கடையில் உதவும்.

இன்டர்-காலேஜ் மேட்சில் சேம் சைடு கோல் போட்டுவிட்டேன். தோற்றோம். ஹாஸ்டலில் இன்னும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். பந்தைத் தொடவே பிடிக்கவில்லை.
– இரண்டாம் ஆண்டு மாணவர், புதுக்கோட்டை

தம்பி, ராய் ரீகல்ஸ் என்ற பெயரைத் தெரிந்துகொள். 1929 ரோஸ் பௌல். கலிபோர்னியாவுக்கு ஆடியவர். எதிரணி நழுவவிட்ட பந்தை எடுத்தார், நெரிசலில் திசை குழம்பித் தன் அணியின் கோட்டை நோக்கியே அறுபது கெஜத்துக்கும் மேல் ஓடினார். சொந்த அணிக்காரர் பென்னி லோம் கத்திக்கொண்டே துரத்தி, கோட்டுக்கு ஒட்டிய இடத்தில் பிடித்து நிறுத்தினார். அதன் விளைவாக ஜார்ஜியா டெக்குக்கு இரண்டு புள்ளி கிடைத்தது. கலிபோர்னியா 8–7 என்று தோற்றது.

இடைவேளையில் ரீகல்ஸ் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டார், இனி வரமாட்டேன் என்று அழுதார். ஆட்டத்தில் பாதிதானே முடிந்திருக்கிறது என்று பயிற்சியாளர் நிப்ஸ் பிரைஸ் அவரையே மறுபடி இறக்கினார். இரண்டாம் பாதியில் ரீகல்ஸ் உயிரைக் கொடுத்து ஆடினார், எதிரணி உதைத்த பந்து ஒன்றைத் தடுத்தும் காட்டினார். அடுத்த சீசனில் அதே அணி அவரைத்தான் கேப்டன் ஆக்கியது. 1957-ல் ஒரு பள்ளி மாணவன் இதே தவறைச் செய்தபோது, ரீகல்ஸ் அவனுக்கு ஆறுதல் கடிதம் எழுதினார்.

உனக்கு இன்னும் இரண்டாம் பாதி இருக்கிறது. நாளை சாயங்காலம் கிரவுண்டுக்குப் போ. பட்டப்பெயர் வைத்தவர்களில் பாதிப் பேர் ஷூ லேஸ் கட்டியிருக்கவே மாட்டார்கள்.

பௌல் ஆட்டங்களில் உங்கள் மனதில் நிற்கும் ஒன்று?
– பள்ளி ஆசிரியை, வடகாடு

1956 ஜனவரி 2, நியூ ஆர்லியன்ஸ், சுகர் பௌல்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அணியில் பாபி கிரையர் என்ற கறுப்பின வீரர் இருந்தார். எதிரணி, தெற்கே ஜார்ஜியா டெக். அதுவரை சுகர் பௌலில் கறுப்பின வீரர் எவரும் ஆடியதில்லை. ஜார்ஜியா ஆளுநர் மார்வின் கிரிஃபின், எங்கள் மாநிலக் கல்லூரி இந்த ஆட்டத்தில் இறங்கக்கூடாது என்று பல்கலைக்கழக ஆட்சிக் குழுவுக்குத் தந்தி அடித்தார். 1955 டிசம்பர் தொடக்கம் அது. மான்ட்கமரி நகரப் பேருந்தில் எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானது டிசம்பர் 1-ல். அந்த நேரத்தில்தான் இந்தத் தந்தியும்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஜார்ஜியா டெக்கில் படித்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். அவர்களே ஆயிரக்கணக்கில் திரண்டு, ஆட்டம் நடந்தே தீர வேண்டும் என்று ஆளுநர் மாளிகை வரை போனார்கள். அவர்கள் அத்தனை பேரும் சமத்துவவாதிகள் என்று நான் சொல்ல வரவில்லை. பலருக்கு ஆட்டம் கைநழுவுகிறதே என்ற ஆத்திரம்தான். ஆனால் ஒரு கறுப்பின வீரர் களத்தில் நிற்பதைவிட, ஆட்டம் நின்றுபோவதுதான் அவமானம் என்று அன்று இரவு அவர்களுக்குத் தோன்றியது. கல்லூரித் தலைவர் பிளேக் வான் லீரும் ஆளுநருக்குப் பணியவில்லை. ஆட்டம் நடந்தது, கிரையர் ஆடினார். அவர் மீது நடுவர் கொடுத்த ஒரு தண்டனையை ஒட்டிக் கிடைத்த புள்ளிகளால் ஜார்ஜியா டெக் 7–0 என ஜெயித்தது. அந்தத் தண்டனை சரிதானா என்று பிறகு ரொம்ப காலம் வாதம் ஓடியது.

அதே 1956-ல் லூசியானா மாநிலம் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து ஆடுவதையே சட்டம் போட்டுத் தடுத்தது. அந்தச் சட்டத்தை நீதிமன்றம் உடைத்தது, 1959-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உங்கள் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லுங்கள் டீச்சர். எந்தத் தெருப் பையன் எந்தத் தெரு அணியில் ஆடலாம் என்ற கணக்கு நம் ஊர்களிலும் முழுதாக ஒழியவில்லை.

நம் நாட்டில் கல்லூரிக் கால்பந்துக்கு இப்படி ஏதாவது உண்டா?
– கூட்டுறவு வங்கி ஊழியர், அறந்தாங்கி

உண்டு, பார்க்கத்தான் ஆள் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பை 1941-ல் தொடங்கியது. மாநிலங்கள் மோதும் சந்தோஷ் டிராபிக்கும் அதே வயதுதான். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று மண்டலப் போட்டி வைத்து, தேறிய அணிகளை அகில இந்தியப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். 1971-ல் விக்டர் மஞ்சிலா தலைமையில் கோழிக்கோடு பல்கலைக்கழகம் முதன்முதலாக இந்தக் கோப்பையை வென்றது. அந்த அணியின் பெயரைச் சொன்னால் கேரளத்தில் பெரியவர்கள் இன்றும் எழுந்து உட்காருவார்கள். 1973-ல் கேரளம் முதன்முதலாக சந்தோஷ் டிராபி வென்றதற்கு முன்கதையே அதுதான் என்பேன்.

நம் பக்கத்துப் பையனுக்குப் பாதை இப்படி: கல்லூரி அணி, பாரதிதாசன் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டி, பல்கலைக்கழக செலக்‌ஷன், தென்மண்டலம், அகில இந்தியம். திருச்சி, தஞ்சை, கரூர், திருவாரூர், நாகை எனப் பல மாவட்டக் கல்லூரிகள் மோதிக்கொள்ளும் இடத்தில் பதினெட்டு இருபது பேருக்குள் வர வேண்டும்.

காலையில் ஆறு மணிக்கு பஸ் பிடித்துப் போனோம். பத்தரை மணிக்கு ஆட்டம் முடிந்து நாக்-அவுட். இவ்வளவுதானா வருஷம்?
– மூன்றாம் ஆண்டு மாணவர், கந்தர்வகோட்டை

இவ்வளவுதான், தம்பி. இந்தச் சிறப்புப் பகுதியை நான் எழுத உட்கார்ந்ததே உன் கேள்விக்காகத்தான்.

ஜூன் ஜூலையில் கல்லூரி திறக்கும். பி.டி. சார் விசில் ஊதி அணி சேர்ப்பார். மாலையில் பஸ்ஸை விட்டுவிட்டுப் பயிற்சி. ஓ.டி. வாங்க மூன்று கையெழுத்து, இன்டர்னல் டெஸ்டை எப்போது எழுதுவது என்ற கவலை. பிறகு ஒரே ஒரு காலை. முதல் சுற்றிலேயே பலமான அணி மாட்டினால் கதை முடிந்தது. தோற்றவர்களுக்கு அன்றே அந்த வருடமும், கடைசி வருட மாணவனுக்கு அன்றே கால்பந்தும் முடிந்துவிடுகிறது. ஒரு கல்லூரி அணி குறைந்தது ஐந்தாறு ஆட்டமாவது ஆடும்படி லீக் முறை வைக்காத எந்தப் போட்டியும் ஆட்டக்காரனை வளர்க்காது. நாக்-அவுட் நடத்துவதற்கு எளிது, செலவும் குறைவு. அது அமைப்பாளரின் வசதி, ஆட்டக்காரனின் வசதி அல்ல.

இன்னொரு பக்கமும் உண்டு. பல்கலைக்கழக அணியில் ஆடியவனுக்குக் கிடைக்கும் படிவம் 3 சான்றிதழ் மத்திய அரசு வேலையின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும். தமிழக அரசு வேலையிலும் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் இருக்கிறது. ஒரே ஒரு காலையில் ஒருவனுடைய ஆட்டத்தை எடைபோடுவது, அந்த வாய்ப்பையும் அதே காலையோடு பறிப்பதுதான்.

ஒரே டவுனில் இத்தனை கல்லூரிகள். ஆனால் ஒன்றோடு ஒன்று மோதுவதையே பார்த்ததில்லையே?
– ஆட்டோ ஓட்டுநர், புதுக்கோட்டை

நல்ல கண் உங்களுக்கு. 1880-ல் தொடங்கிய மன்னர் கல்லூரி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ். பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகம். 2017-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். குடுமியான்மலை வேளாண் கல்லூரி கோவை வேளாண் பல்கலைக்கழகம். பாலிடெக்னிக்குகளுக்குத் தனிப் போட்டி. பல்கலைக்கழகம் வேறானால் போட்டியும் வேறு. ஒரே பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும் பையன்கள் ஒரே மைதானத்தில் இறங்குவதில்லை. முதலமைச்சர் கோப்பையின் கல்லூரிப் பிரிவுதான் அந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. அதை விட்டால் ஊர்ப்போட்டி இல்லை. ஊர்ப்போட்டி இல்லாத ஆட்டத்துக்குக் கூட்டமும் வராது.

பெண் பிள்ளைகள் கால்பந்து ஆடுவதைப் பற்றி ஒரு வரி எழுதுவீர்களா?
– கல்லூரி மாணவி, திருமயம்

ஒரு வரி போதாது மகளே. ஆண்களின் சந்தோஷ் டிராபியைத் தமிழ்நாடு இதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. பெண்களின் தேசிய சாம்பியன் பட்டத்தை இருமுறை வென்றிருக்கிறது. 2018-ல் கட்டாக்கில் மணிப்பூரை 2–1, 2023-ல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2–1. மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. இந்த மாநிலத்தின் கால்பந்துப் பெருமையைத் தூக்கி நிறுத்தியவர்கள் பெண்கள். இதைச் சத்தமாகச் சொல்லுங்கள்.

நம் மாவட்டத்தில் இதற்கு வேர் ஆழம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரிக்குள் எதிர்ப்பைத் தாண்டிப் போன முதல் மாணவி. கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். அந்த வலியோடு, அரசு தந்த பணத்தில் புதுக்கோட்டையிலேயே பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். தனக்கு நேர்ந்த அநியாயத்துக்குப் பிறகும் மைதானத்தை விட்டுப் போகாத ஒரு பெண் உங்கள் மாவட்டத்துக்காரர். ஆடுங்கள்.

கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடுகிறோம். 1911-ல் மோகன் பகான் வெறுங்காலில்தானே வெள்ளைக்காரனை ஜெயித்தது?
– மீனவ இளைஞர், ஜெகதாப்பட்டினம்

ஆமாம். 1911 ஜூலை 29, ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2–1. பதினொருவரில் ஒருவர் மட்டும்தான் பூட்ஸ் போட்டிருந்தார். ஆனால் இன்றைய விதிப்படி காலணி கட்டாயம். போட்டியில் இறங்கும் எண்ணம் இருந்தால் ஆறு மாதத்துக்கு முன்பே பூட்ஸில் பழகுங்கள். மணலில் ஓடிய கால்களுக்குப் பலம் ஏற்கெனவே இருக்கிறது.

குறை சொல்லியாயிற்று. புதுக்கோட்டையில் ஒரு பௌல் நடத்த வழி சொல்லுங்கள் பார்ப்போம்.
– முன்னாள் கல்லூரி கோல்கீப்பர், அன்னவாசல்

சொல்கிறேன். மாதிரியும் கையில் இருக்கிறது. 1925-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆட்டம் தொடங்கினார்கள். நாட்டின் கிழக்குப் பகுதிக் கல்லூரிகளின் கடைசி வருட வீரர்கள் ஒரு பக்கம், மேற்குப் பகுதியினர் மறுபக்கம். வசூல் குழந்தைகள் மருத்துவமனைக்கு. ஈஸ்ட்-வெஸ்ட் ஷ்ரைன் என்ற அந்த ஆட்டம் இன்றும் நடக்கிறது.

நமக்கும் அதுவே பொருந்தும். கிழக்கே ஆலங்குடி, அறந்தாங்கி, மணமேல்குடி, கறம்பக்குடி. மேற்கே விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல், பொன்னமராவதி. பல்கலைக்கழகம் எதுவானாலும் சரி, பிள்ளையின் சொந்த ஊர் எந்தப் பக்கமோ அந்த அணி. கலை, பொறியியல், மருத்துவம், வேளாண்மை, பாலிடெக்னிக் எல்லாம் ஒரே ஜெர்சிக்குள் வந்துவிடும். கடைசி வருட மாணவர்கள் மட்டும். முதலில் பெண்கள் ஆட்டம், பிறகு ஆண்கள் ஆட்டம். நவம்பர், டிசம்பர் செமஸ்டர் தேர்வு முடிந்திருக்கும். பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறக்கும் வாரத்தில் மாவட்ட விளையாட்டரங்கில் வைக்கலாம். மாவட்டம் பிறந்ததே 1974 ஜனவரி 14, பொங்கல் நாளில்தானே.

தேவையானவை அதிகமில்லை. நான்கு ஜெர்சி செட், தகுதி பெற்ற நடுவர்கள், ஓர் ஆம்புலன்ஸ், ஆட்டக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு, பெற்றோர் உட்காரப் பந்தல் நிழல், தப்பு அடிக்க ஒரு குழு. ஜல்லிக்கட்டுக்கு அண்டாவும் சைக்கிளும் தரும் கடைக்காரர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். இதற்கும் தருவார்கள், கேட்க வேண்டும். நுழைவுக் கட்டணம் வேண்டாம். உண்டியல் வைத்து, வரும் தொகையை அடுத்த வருடம் பூட்ஸ் வாங்க முடியாத பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம். அதில் எந்த அரசியல் கட்சியின் கொடியும் ஏறக்கூடாது. அது மட்டும் கண்டிப்பு.

நீங்கள் கோல்கீப்பராக இருந்தவர். உங்கள் காலத்து ஆட்டக்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டுங்கள். உடற்கல்வி இயக்குநர்களிடம் போய்க் கடைசி வருட மாணவர்களின் பட்டியலைக் கேளுங்கள். பிறகு மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் மைதானத்துக்கு மனு கொடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களும் உங்கள் ஊரில் கல்லூரி அணிக்கு ஆடும் பிள்ளை யார் என்று விசாரித்து, இந்த வருடம் அவன் அல்லது அவள் ஆடும் ஒரே ஓர் ஆட்டத்துக்காவது போய் உட்காருங்கள்.